மின்சாரம் வந்த பிறகு எது முதலில் எழ வேண்டும்?

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் சீட்டு எழுதினாலும், மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டாலும், தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில் தேர்வுக் கட்டணம் கட்டினாலும், அந்த விவரம் பெரும்பாலும் ஏதோ ஓர் அறையில், ஏசியின் குளிரில் இரைந்துகொண்டிருக்கும், தகவலைச் சேமித்து மற்றக் கணினிகளுக்கு வழங்கும் ஒரு சர்வருக்குத்தான் போய்ச் சேருகிறது. முன்பெல்லாம் பில்லுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று எனத் தனித்தனிப் பெட்டிகளாக வைத்திருந்தார்கள். இன்று ஒரே பெரிய பெட்டிக்குள் பத்துப் பதினைந்து சர்வர்கள் மென்பொருள் வடிவில் இயங்குகின்றன. அப்படி இயங்குபவற்றை விர்ச்சுவல் மெஷின் என்றும், அவற்றைத் தாங்கும் பெட்டியை ஹோஸ்ட் என்றும், சிபியு, ராம், டிஸ்க் ஆகியவற்றை அவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்றும் அழைக்கிறோம்.

இது புதிதாக முளைத்த ஏற்பாடு அல்ல. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே பெரிய கணினிகளில் இதைச் செய்து பார்த்தது. 1972இல் விஎம்/370 என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கும் கொண்டுவந்தது. நம் மேசைகளில் இருக்கும் வகைக் கணினிகளுக்கு 1999இல் விஎம்வேர் நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. 2007இல் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர், லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலிலேயே சேர்ந்துகொண்டது. அதன்மீது எழுந்த பிராக்ஸ்மாக்ஸ் போன்ற மென்பொருள்களை உரிமக் கட்டணம் இல்லாமலே இன்று சிறிய நிறுவனங்களும் பயன்படுத்த முடிகிறது. ஆகவே நான் பேசப்போவது பெருநகரத்து டேட்டா சென்டர்களைப் பற்றி அல்ல; இரண்டு ஹோஸ்ட், அவற்றின் டிஸ்குகளைத் தாங்கும் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, ஒரு யுபிஎஸ் என்ற அளவில் நம் குமரி மாவட்டத்தில் இவற்றைப் பொறுப்பேற்று நடத்திவரும் தம்பி தங்கைகளுக்காகவே பேசுகிறேன்.

நான் எப்போதும் வலியுறுத்துவது ஒன்றுதான். கோளாறு வந்தால் கீழிருந்து மேலே பாருங்கள். முதலில் மின்சாரம், அடுத்து கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச், அடுத்து ஸ்டோரேஜ், அடுத்து ஹோஸ்ட், அதன் பிறகே விர்ச்சுவல் மெஷின், எல்லாவற்றுக்கும் மேலே பில் போடும் மென்பொருள். பயனர் புகார் சொல்வது மேல்தட்டைப் பற்றித்தான். காரணமோ பெரும்பாலும் கீழ்த்தட்டில் இருக்கிறது. மேலிருந்து கீழே தேடுகிறவர், நன்றாக இருக்கும் ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, கெட்டுப்போனதைக் கடைசியில்தான் கண்டுபிடிப்பார்.

இதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் நம் மாவட்டத்தை என்ன பாடுபடுத்தியது என்பது நேயர்களுக்கு நினைவிருக்கும். ரப்பர் மரங்களும் வாழைகளும் சாய்ந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. மாவட்டத்தில் ஒரு நிறுவனம், அதன் பெயர் இங்கே தேவையில்லை, ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்காமல் சர்வர் அறையை அணைத்து வைத்திருந்தது. மின்சாரம் வந்தது, பொத்தானை அழுத்தினார்கள், ஹோஸ்டுகள் இரண்டும் எழுந்தன. ஆனால் திரையில் விர்ச்சுவல் மெஷின்களின் பட்டியல் முழுவதும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஒவ்வொரு பெயருக்கு அருகிலும் அணுக முடியவில்லை என்ற குறிப்பு. "எல்லாம் போச்சு சாரே, ஸ்டோரேஜ் எரிஞ்சிருக்கும்" என்று அங்கிருந்த இளைஞர் தொலைபேசியில் சொன்னார். ஹைப்பர்வைசரைப் புதிதாக நிறுவிவிடலாமா என்ற ஆலோசனைகூட அங்கே தொடங்கியிருந்தது.

எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் போய்ப் பார்த்தேன். ஸ்டோரேஜ் பெட்டியின் விளக்குகள் அனைத்தும் பச்சையாகவே இருந்தன. அதன் எண் முகவரியான ஐபி முகவரிக்குப் பிங் செய்தால், அதாவது இருக்கிறாயா என்று நெட்வொர்க்கில் கேட்டால், பதில் வந்தது. அதன் பெயருக்குப் பிங் செய்தால் பதில் இல்லை. காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. ஹோஸ்டுகள் ஸ்டோரேஜைப் பெயர் சொல்லித் தேடும்படி அமைக்கப்பட்டிருந்தன. அந்தப் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்ல வேண்டிய டிஎன்எஸ் சர்வரோ ஒரு விர்ச்சுவல் மெஷின். அதன் டிஸ்க் இருந்தது அதே ஸ்டோரேஜில். ஸ்டோரேஜ் கிடைத்தால்தான் டிஎன்எஸ் எழும். டிஎன்எஸ் எழுந்தால்தான் ஸ்டோரேஜ் கிடைக்கும். முன்பு ஹோஸ்டுகளை ஒவ்வொன்றாகத்தான் அணைத்து ஏற்றியிருந்தார்கள், மற்றதில் டிஎன்எஸ் ஓடிக்கொண்டே இருந்தது என்பதால், இந்த முடிச்சு அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு ஹோஸ்டிலும், பெயர்களையும் முகவரிகளையும் கணினிக்குள்ளேயே வைத்திருக்கும் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பில் ஸ்டோரேஜின் பெயரையும் முகவரியையும் ஒரு வரியாக எழுதி, ஸ்டோரேஜை மறுபடி இணைத்தவுடன், சாம்பல் நிறத்தில் கிடந்த பெயர்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. எதுவும் எரியவில்லை, எதுவும் அழியவில்லை. அன்று புதிதாக நிறுவத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகையால், எழும் வரிசையை ஒரு தாளில் எழுதி, சர்வர்களை அடுக்கி வைத்த ரேக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். கணினிக்குள் சேமித்து வைத்தால் போதாது, ஏனெனில் அது தேவைப்படும் நேரத்தில் கணினி இருக்காது. முதலில் ஸ்விட்ச், பிறகு ஸ்டோரேஜ், அது முழுமையாக எழும் வரை பொறுமை, பிறகு ஹோஸ்ட், அதில் முதலில் டிஎன்எஸ்ஸும் உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வரும், பிறகு டேட்டாபேஸ், கடைசியில் பில் மென்பொருள். அணைக்கும் வரிசை இதற்கு நேர் எதிரானது. முக்கியமான ஐபி முகவரிகளையும் அதே தாளில் எழுதுங்கள். கடவுச்சொற்களை மட்டும் அங்கே எழுதாமல் உறையிலிட்டு நிர்வாகியின் பெட்டகத்தில் வையுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி இன்னும் சில வார்த்தைகள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் பார்க்கும் மாவட்டம் நம்முடையது. இடியும் காற்றுமாக இருக்கும் மாலையில் மின்சாரம் வந்த வேகத்தில் திரும்பவும் போகும். பெரும்பாலான சர்வர்களின் தொடக்க மென்பொருளான பயாஸில், மின்சாரம் வந்தவுடன் தானாக எழு என்ற அமைப்பு இருக்கிறது. வந்த மின்சாரம் நிலைக்காதபோது, யுபிஎஸ் பேட்டரி வெறுமையாக இருக்கும் அந்த நேரத்தில், பாதி எழுந்த டேட்டாபேஸ் மறுபடியும் விழும். உண்மையான சேதம் பெரும்பாலும் இந்த இரண்டாவது விழுதலில்தான் நேர்கிறது. எனவே பேட்டரி ஓரளவு ஏறிய பிறகே வெளியே மின்சாரம் கொடுக்கும்படி யுபிஎஸ்ஸை அமையுங்கள். பல யுபிஎஸ்களில் இந்த வசதி உண்டு. யுபிஎஸ்ஸிலிருந்து ஹோஸ்டுக்குத் தகவல் கேபிளை இணைத்து, பேட்டரி குறையும்போது விர்ச்சுவல் மெஷின்கள் முறைப்படி அணையுமாறு செய்யுங்கள். அதற்கு ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினுக்குள்ளும் ஹைப்பர்வைசருக்கு உரிய டூல்ஸ் அல்லது கெஸ்ட் ஏஜென்ட் என்ற துணை மென்பொருள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். எல்லாம் அணைந்து முடிய எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை ஒரு விடுமுறை நாளில் அளந்து பாருங்கள். அணைய 12 நிமிடம் தேவைப்படும் இடத்தில் 10 நிமிடம் தாங்கும் பேட்டரி இருந்து பயனில்லை.

நீண்ட நேரம் அணைந்து கிடந்த ஹோஸ்டின் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால் கடிகாரம் பிசகிவிடும். அதன் நேரத்தை விர்ச்சுவல் மெஷின்களும் எடுத்துக்கொள்ளும். எல்லாப் பயனர் கணக்குகளையும் ஓரிடத்தில் வைத்து நடத்தும் விண்டோஸ் டொமைனில் நேர வேறுபாடு 5 நிமிடத்தைத் தாண்டினால், உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் என்ற முறை வழக்கமான அமைப்பில் உள்ளே விடாது. கடவுச்சொல் சரியாக இருந்தும் யாருமே உள்ளே போக முடியவில்லை என்று புகார் வந்தால், கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். இதுவும் கீழிருந்து மேலே பார்ப்பதுதான்.

அடுத்தது ஸ்னாப்ஷாட், அதாவது விர்ச்சுவல் மெஷினின் அந்தக் கணத்து நிலையைத் தக்கவைத்துக்கொள்வது. மென்பொருளைப் புதுப்பிப்பதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுப்பது நல்ல பழக்கம். எடுத்ததை மறந்துவிடுவது ஆபத்து. ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்திலிருந்து பழைய டிஸ்க் கோப்பு அப்படியே நின்றுவிட, புதிதாக எழுதப்படுவதெல்லாம் தனிக் கோப்பில் சேர்கிறது. பகல் முழுவதும் பில் போடும் டேட்டாபேஸில் அந்தக் கோப்பு எவ்வளவு விரைவாக வளரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 72 மணி நேரத்துக்கு மேல் ஒரு ஸ்னாப்ஷாட்டை வைத்திருக்க வேண்டாம் என்பது விஎம்வேர் தரும் அறிவுரை. மேலும், ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. அது மூல டிஸ்கைச் சார்ந்தே நிற்கிறது. மூலம் போனால் அதுவும் போய்விடும். இதைத் திரும்பவும் சொல்கிறேன்: ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது.

ஸ்டோரேஜ் நிரம்பி எல்லா விர்ச்சுவல் மெஷின்களும் உறைந்து நிற்கும் நிலை வந்துவிட்டால், டிஸ்க் கோப்புகளில் எதையும் கையால் அழிக்காதீர்கள். முதலில் கொஞ்சம் இடம் தேடுங்கள். என்றோ ஏற்றி வைத்த ஐஎஸ்ஓ எனும் நிறுவல் வட்டுக் கோப்புகளை அகற்றலாம். விஎம்வேரில் அவசரமில்லாத ஒரு விர்ச்சுவல் மெஷினை அணைத்தால், ராம் போதாதபோது உதவ அதன் ராம் அளவுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஸ்வாப் கோப்பு பெரும்பாலும் அழிந்து, அந்த இடம் உடனே கிடைக்கும். இடம் கிடைத்த பிறகு ஸ்னாப்ஷாட்டை முறைப்படி நீக்குங்கள். நீக்கும் பணி 99 சதவீதத்தில் நெடுநேரம் நிற்பதுபோல் தோன்றும். உள்ளே கோப்புகள் இணைந்துகொண்டுதான் இருக்கும். அந்த வேளையில் ஹோஸ்டை மறுதொடக்கம் செய்வதைப் போன்ற தீங்கு வேறில்லை.

இனி வேகக் குறைவு. பேச்சிப்பாறை அணைத் தண்ணீரைக் கால்வாயில் திறந்துவிடும்போது தலைமடையில் தேவைக்கு மேல் எடுத்தால் கடைமடை வயல் காய்கிறது அல்லவா, சிபியுவின் பங்கீடும் அப்படியே. இரண்டு சிபியு போதுமான விர்ச்சுவல் மெஷினுக்கு எட்டுக் கொடுத்தால் அது வேகமாக ஓடுவதில்லை. மற்றவை முறைக்காகக் காத்துக் கிடக்கின்றன, சில வேளைகளில் அதுவே காத்துக் கிடக்கிறது. விஎம்வேரில் ரெடி என்ற அளவும், லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினுக்குள் டாப் கட்டளையில் தெரியும் ஸ்டீல் என்ற அளவும் இந்தக் காத்திருப்பைக் காட்டும். 20 விநாடிக்கு ஒரு புள்ளி வைக்கும் வரைபடத்தில் ஒரு சிபியுவுக்கு 2000 மில்லிவிநாடி ரெடி என்றால் 10 சதவீத நேரம் வீணாகிறது என்று பொருள். அப்போது சிபியுவைக் கூட்டாமல் குறைத்துப் பாருங்கள்.

நேரம் நெருங்குகிறது. பேக்கப்பை மட்டும் சொல்லி முடிக்கிறேன். தரவு மூன்று பிரதிகளில், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும். கடலோர ஊர் என்றால் அந்த ஒன்று உள்நாட்டில் இருப்பது நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு விர்ச்சுவல் மெஷினைப் பேக்கப்பிலிருந்து மீட்டு இயக்கிப் பார்த்து, நேற்றைய கடைசிப் பில் அதில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இயக்குவதற்கு முன் அதன் நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே ஐபி முகவரியோடு இரண்டு சர்வர்கள் மோதி, ஓடிக்கொண்டிருப்பதும் நின்றுவிடும்.

வணக்கம்.