டொக் என்றதா, டொக்டொக் என்றதா?

நேயர்களுக்கு வணக்கம். 32 ஆண்டுகளாகக் கோவையில் பட்டறை நடத்தி, அதில் பிற்பாதியைப் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களோடு கழித்தவன் என்ற முறையில், அவற்றில் எழும் விநோதச் சத்தங்களைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். படம் வரைந்து காட்ட வழியில்லாத இடத்தில் இயந்திரத்தைப் பற்றி எப்படிப் பேசுவாய் என்று நண்பர் ஒருவர் கேட்டார். பட்டறைக்கு வருகிறவர்களும் எனக்குப் படம் எதையும் காட்டுவதில்லை. "சார், ஒரு மாதிரி சத்தம் வருதுங்க" என்றுதான் தொடங்குகிறார்கள்.

அந்த "ஒரு மாதிரி"யை வாயால் செய்து காட்டச் சொல்வது என் வழக்கம். பெரியவர்கள் கூச்சப்படுவார்கள், பின் இருக்கையில் உட்கார்ந்து வந்த பிள்ளைகள் உடனே செய்து காட்டிவிடுவார்கள். பள்ளியில் இரட்டைக்கிளவி படித்திருப்பீர்கள். கடகட, கரகர, நறநற என்று இரட்டித்தே வரும் சொற்கள் அவை. பிரித்தால் பொருள் தராது. எங்கள் தொழிலுக்கு இதைவிட உதவியான இலக்கணம் வேறில்லை என்பேன். கடகடவென்று அடுக்கி வரும் சத்தம் சுழன்றுகொண்டிருக்கும் ஒரு பாகத்திலிருந்து வருகிறது, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் பழுதான இடம் ஒருமுறை வந்து போகிறது. கியர் லீவரை 'பார்க்' எனும் பி-யிலிருந்து 'டிரைவ்' எனும் டி-க்குத் தள்ளும்போது "டொக்" என்று ஒற்றையாகக் கேட்டால், கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் நைந்திருக்கிறதா, ஆக்ஸில் இணைப்பில் ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். அடுக்காமலும் அறுபடாமலும் "ஊ" என்று நீளும் சத்தமாக இருந்தால் எண்ணெய் பம்ப், பேரிங், பல்சக்கரம் இவற்றின் மேல்தான் சந்தேகம் விழும்.

ஆனால் எப்படிப்பட்ட சத்தம் என்பதைக் காட்டிலும் எப்போது வரும் சத்தம் என்பதே அதிகம் சொல்லும். எப்போது? வண்டி நிற்கும்போதா, ஓடும்போதா? எஞ்சின் வேகத்தோடு ஏறுகிறதா, சக்கர வேகத்தோடு ஏறுகிறதா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காரணத்தைச் சொல்கிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் ஓர் எண்ணெய் பம்ப் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் அதை எஞ்சினே சுழற்றுகிறது. ஆகவே பம்பிலிருந்து எழும் ஊளை, வண்டி நகராமல் பி-யில் நிற்கும்போதும் கேட்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடவே ஏறும். (எஞ்சின் ஓடாவிட்டால் இந்தப் பம்பும் ஓடாது, நின்றுபோன ஆட்டோமேட்டிக் வண்டியை, எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் உருள, கயிறு கட்டி இழுத்துச் சென்றால் உள்ளே எண்ணெய் ஓடாமல் பாகங்கள் தேய்ந்து தீய்ந்துவிடும். ஆகவே அந்தச் சக்கரங்களைத் தூக்கிவைத்து இழுக்க வேண்டும், அல்லது வண்டியையே லாரியில் ஏற்ற வேண்டும். இதைப் பலரும் அறியாமலிருப்பதால் இடையில் சொல்கிறேன்.)

மாறாக, வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறுகிற ரீங்காரம் கியர்பாக்ஸில் பிறந்ததாகவே இருக்க வேண்டியதில்லை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கை மெல்ல இடப்பக்கம் சாய்க்கும்போது சத்தம் கூடினால் எடை வலப்பக்கம் சாய்கிறது என்று பொருள். வலது சக்கர பேரிங்கைப் பாருங்கள். பேரிங்கோடு போக வேண்டிய செலவு, கியர்பாக்ஸ் ஓவர்ஹாலாகிப் பெருந்தொகையாக முடிந்த கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

நின்ற இடத்தில், பிரேக்கை மிதித்தபடி டி-யில் போட்டால் கேட்டு, நியூட்ரலுக்கு மாற்றினால் மறைகிற சத்தம் வேறு வகை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால் மற்றதும் சுழலும் அல்லவா, காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்து அந்த வேலையைச் செய்வது அது. டி-யில் பிரேக் மிதித்திருக்கும்போது ஒரு பக்கம் சுழல, மறு பக்கம் நிற்கிறது. இடையிலுள்ள பேரிங் தேய்ந்திருந்தால் அப்போது முனகும். நியூட்ரலில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுழல்வதால் முனகல் அடங்கிவிடும்.

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சுமார் 15 ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவரின் ஆட்டோமேட்டிக் கார் "டக்டக்டக்" என்ற சத்தத்தோடு வந்தது. எங்கள் பழக்கப்படி நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். எஞ்சினின் பின்பக்கம், கீழே, மிக வலுவாகக் கேட்டது. எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது என்று தீர்மானித்து, இரண்டு நாள் செலவழித்து, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால், பேரிங்குகள் ஒரு கீறலும் இல்லாமல் சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருந்தன. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி எஞ்சினை ஓடவிட்டேன், அதே டக்டக்டக். அப்போது பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் சொன்னான்: "அண்ணா, டி போட்டா சத்தம் கொறையுதுங்க, பாத்தீங்களா?" நான் பார்க்கவில்லை. எப்போது என்ற கேள்வியை ஊருக்கெல்லாம் சொல்லும் நான், அன்று அதைக் கேட்கவே இல்லை.

கியர்பாக்ஸின் அடியிலுள்ள சிறிய தகட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்தபடி எஞ்சினை ஸ்பேனரால் கையாலேயே மெல்லச் சுற்றினேன். எஞ்சினையும் கன்வெர்ட்டரையும் பிணைக்கும் ஃபிளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய எஃகுத் தகட்டில், போல்ட் துளைகளை ஒட்டி ஒரு தலைமுடி படிந்திருந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் தள்ளினேன், நகம் அதில் தட்டியது. அது முடியன்று, விரிசல். சுமை ஏறும்போது விரிசலின் விளிம்புகள் ஒருபக்கமாக இழுபட்டு அசைவு குறைந்ததால் டி-யில் சத்தமும் தணிந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டியது மூன்றாம் நாள் தெரிந்தது. சம்ப் கழற்றிய கூலியை நான் வாங்கவில்லை.

எண்ணெய்க்கு வருகிறேன். பம்ப் ஊளையிட்டால் கியர்பாக்ஸை இறக்குமுன் எண்ணெய் அளவைப் பாருங்கள். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சி ஊளையிடும். அதிகமானாலும், சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடுவதால், அதே ஊளைதான். பல வண்டிகளில் எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போது, எண்ணெய் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். சிலவற்றில் அணைத்தவுடன் பார்க்க வேண்டும். இப்போது வரும் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. கையேட்டைப் படியுங்கள். எண்ணெய் பழுப்பேறித் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தகடுகள் கருகுகின்றன. ரோஸ்மில்க் போலிருந்தால் ரேடியேட்டர் நீர் உள்ளே கலந்திருக்கிறது; வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எண்ணெயின் வகையும் முக்கியம். வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கவும் அதில் சேர்மானங்கள் உண்டு. 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் அந்தச் சேர்மானமாகத் திமிங்கில எண்ணெயைக்கூடப் பயன்படுத்தினார்கள். பொருந்தாத எண்ணெயை ஊற்றினால், சீரான வேகத்தில் லேசாக மிதித்துப் போகையில், சாலையில் வரிவரியாகப் போட்டிருக்கும் மேடுகளின் மேல் ஓடுவதுபோல வண்டி அதிரும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல்களைக் காட்டுகிறார்கள். பல்சக்கரங்களை மாற்றாமல் பெல்ட்டால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் வகை பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அதற்கான எண்ணெய் தனி, மற்றதை ஊற்றாதீர்கள் என்பதோடு விடுகிறேன். 2014-இல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டில் பரவத் தொடங்கிய ஏஎம்டி வண்டிகளில் டார்க் கன்வெர்ட்டர் இல்லை. உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ், கிளட்சை மிதிப்பதும் கியர் மாற்றுவதும் மட்டும் எண்ணெய் அழுத்தத்தாலோ மோட்டாராலோ நடக்கின்றன. ஆகவே அவற்றில் பல வண்டிகளில், நீங்கள் ஓட்டுநர் கதவைத் திறந்ததும், சாவியைத் தொடுவதற்கு முன்பே, "விர்ர்" என்று ஒரு சத்தம் சில நொடிகள் வந்து அடங்கும். அது பம்ப் அழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் சத்தம். அதற்காக யாரும் பட்டறைக்கு வர வேண்டாம். வணக்கம்.