புறங்கையில் இட்ட குறி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

வேகமும் முரட்டொலியும் மிகுந்த ராக் இசை வகையான ஹார்ட்கோர் பங்க், அதன் தொடக்ககாலத்தில் ஊரோடு ஒத்துப்போகும் வழக்கத்தை உடைத்ததா, புதிய சீருடை ஒன்றை மாட்டிவிட்டதா என்பது இன்றைய கேள்வி. உடைத்தது என்பதே எங்கள் அணியின் வாதம். "மழித்த தலை, கையில் எக்ஸ் குறி, எல்லாப் பாட்டுக்கும் ஒரே வேகம், இது சீருடை அல்லாமல் வேறென்ன?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். அந்தக் குறி பிறந்த கதையை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

1980இல் வாஷிங்டனைச் சேர்ந்த டீன் ஐடில்ஸ் என்ற இளைஞர் குழு, சான் ஃபிரான்சிஸ்கோவின் மபுஹே கார்டன்ஸ் அரங்கில் பாடப் போனது. அவர்கள் மது வாங்கும் வயதை எட்டாதவர்கள் என்பதால், யாரும் மது ஊற்றிக் கொடுத்துவிடாதபடி, புறங்கையில் கறுப்பு மையால் பெரிய எக்ஸ் போட்டு உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பியவர்கள், "இப்படிக் குறி போட்டாவது எங்கள் வயதினரை இசை கேட்க அனுமதியுங்கள்" என்று உள்ளூர் அரங்கில் கேட்டார்கள். விலக்கி வைக்க இட்ட அடையாளத்தை, குடியும் போதையுமே கலகம் என்று நம்பியிருந்த ராக் உலகத்தின் நடுவே, குடிக்க மறுப்பதன் அடையாளமாக அவர்களே விரும்பி ஏற்றுக்கொண்டார்கள். சீருடை மேலிருந்து வருவது. இது அப்படி வந்ததன்று.

குழு கலைந்தபோது, மேடையேறிச் சேர்த்த பணத்தை அவர்கள் பங்கிட்டுக்கொள்ளவில்லை. குழுவைச் சேர்ந்த இயன் மெக்காயும் ஜெஃப் நெல்சனும் நண்பர்களோடு சேர்ந்து டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கி, ஏழு அங்குல இசைத்தட்டு ஆயிரம் படிகள் அச்சிட்டார்கள். உறை செய்ய ஆள் வைக்க வசதியில்லை. வேறொரு தட்டின் உறையைப் பிரித்து, அதன் மடிப்பைப் பார்த்துத் தாளை வெட்டி, ஒவ்வொன்றாக மடித்துப் பசை தடவி ஒட்டினார்கள். எந்த நிறுவனத்தின் வாசலிலும் காத்து நிற்காத அந்தப் பசை படிந்த விரல்களையே நான் எதிர்ப்பு என்கிறேன்.

அரங்குகளில் பின்னர் அடிதடி பெருகியது உண்மை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் 1985 கோடையில் அதே வாஷிங்டன் ஹார்ட்கோர் வட்டத்தினர் அந்த முரட்டுத்தனத்தை வெளிப்படையாக வெறுத்து ஒதுக்கி, மெல்லிய உணர்வுகளைப் பாடும் வேறு இசைக்குத் திரும்பினார்கள். தாங்களே உண்டாக்கிய வழக்கம் இறுகத் தொடங்கியதும் அதையும் உதறியவர்களை எந்தச் சீருடைக்குள் அடைப்பது என்று, நடுவர் அவர்களே, எதிரணியினர் சொல்லட்டும்.