கூகை பேசிய சொல்
(‘கவிதையின் பொருளை நெஞ்சில் நிறுத்துவது உவமையா, ஓசையா?’ – ஓசை அணியின் உரை)

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் குறுந்தொகையின் 40ஆம் பாட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு அமர்ந்தார். “செம்புலப் பெயல்நீர், அதாவது செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் என்ற உவமைதான் அந்தப் பாட்டின் உயிர். பாடியவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. உவமையை வைத்தே அவருக்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயர் வந்தது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தப் பாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

“யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.”

உவமை வருவது நான்காவது அடியில். அதற்கு முன்னால் மூன்று அடி முழுக்கக் கேள்விகள். என் தாயும் உன் தாயும் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு, நானும் நீயும் எப்படி அறிந்தோம் என்று காதலன் காதலியிடம் கேட்கிறான். சொற்களின் பொருளை மட்டும் பார்த்தால், உறவே இல்லை என்பதுதான் செய்தி. காதைக் கொடுத்துக் கேளுங்கள். யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். இரண்டுக்கும் இடையில் முதல் மெய் ஒன்றுதான் வேறுபாடு. எந்தை, நுந்தை என்பதிலும் முதல் எழுத்து மட்டும்தான் வேறு. உறவில்லை என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு குடும்பத்தையும் ஓசை பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டது. மழை பெய்வதற்கு முன்பே கலப்பு தொடங்கிவிட்டது!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இது நேரிசை ஆசிரியப்பா. அதன் இலக்கணப்படி ஈற்றயலடிக்கு, அதாவது கடைசிக்கு முந்திய அடிக்கு, மூன்றே சீர், மற்ற அடிகளுக்கு நான்கு. செம்புலப் / பெயனீர் / போல – உவமை அந்த முச்சீரடியில்தான் அமர்ந்திருக்கிறது. நான்கு சீருக்குப் பழகிய காது, நான்காவதை எதிர்பார்த்து ஒரு கணம் நிற்கிறது. அந்த நிறுத்தத்தில்தான் செம்மண்ணும் மழைநீரும் நம் கண்ணில் விரிகின்றன. அதே உவமையை நாற்சீரடியில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், அடுத்த அடிக்கு வேகமாக ஓடிவிடுவீர்கள். உவமைக்கு அந்த இடத்தை ஒதுக்கிக் கொடுத்தது ஓசை.

“உவமை கடல் தாண்டும், ஓசை தாண்டாது” என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். 1967இல் ஏ. கே. ராமானுஜன் இந்தப் பாட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டு போனார். செம்மண்ணும் மழையும் போய்ச் சேர்ந்தன என்பது உண்மை. அருமையான மொழிபெயர்ப்பு அது. ஆனால் யாயும் ஞாயும் அங்கே தனித்தனி இரண்டு தாய்மார்களாகிவிட்டார்கள். ஓசை போன இடத்தில் அந்தப் பொருளும் போய்விட்டது. பொருளைச் சுமந்துகொண்டிருந்தது ஓசை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

உவமையே இல்லாத ஒரு குறளுக்கு வருகிறேன்.

“கெடுப்பதூஉம் கெட்டார்க்குச் சார்வாய்மற் றாங்கே
எடுப்பதூஉம் எல்லாம் மழை.”

இதில் ‘தூஉம்’ என்பது அளபெடை, அதாவது ஓர் எழுத்தை அதன் அளவுக்கு மேல் நீட்டி ஒலிப்பது. யாப்பு கெடாமல் இருக்கத்தான் வள்ளுவர் நீட்டினார் என்று யாரேனும் நினைத்தால், அலகிட்டு, அதாவது சீரை அசை பிரித்துப் பார்க்கலாம். ‘கெடுப்பதும்’ என்றே வைத்தாலும் நிரை நிரை, கருவிளம். அடுத்து வரும் ‘கெட்’ நேர். விளமுன் நேர் வருவதால், வெண்பாவுக்கு உரிய சீர் இணைப்பான வெண்டளை சரியாக இருக்கிறது. எடுப்பதும் எல்லாம் என்பதிலும் தளை தட்டாது. தேவையே இல்லாத இடத்தில், ஒரு மாத்திரைக் குறிலை மூன்று மாத்திரைக்கு நீட்டியிருக்கிறார். இதை இன்னிசை அளபெடை என்று பள்ளியில் படித்துவிட்டு, இனிமைக்காக என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். வெறும் இனிமைதானா? கெடுப்பதையும் எடுப்பதையும் ஒரே அளவு நீட்டி, இரண்டையும் ஒரே எடையில் நிறுத்துகிறார். ‘கெடு’ என்பதன் முதலில் நிற்கும் ‘க்’ என்ற மெய்யை எடுத்துவிட்டால் ‘எடு’. அழிவுக்கும் மீட்புக்கும் இடையில் ஒரு மெய்யெழுத்து. இரண்டும் ஒரே மழையின் வேலை என்ற கருத்தை எந்த உவமை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும்?

சூர்ப்பணகை வரும் கம்பன் பாட்டைத் தங்கள் பக்கத்துச் சொத்தாக எதிரணியினர் படித்தார்கள். மயில், அன்னம், கொடி, நஞ்சு என நான்கு உவமை இருக்கிறதாம். இருக்கிறது.

“பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்கச்
செஞ்செவிய கஞ்சநிமிர் சீறடியள் ஆகி
அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்.”

‘ஞ்ச’ என்ற ஒலிக்கூட்டம் எட்டு இடத்தில் வருகிறது. அதன் அமைப்பைப் பாருங்கள்: முன்னால் மெல்லினம், அதன் முதுகுக்குப் பின்னால் வல்லினம். அழகிய உருவத்துக்குள் அரக்கி ஒளிந்து வருகிறாள் என்ற செய்தி எட்டு முறையும் எழுத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது. கடைசி அடியில் வஞ்சி, நஞ்சம், வஞ்சம் என்று ஓர் எழுத்து இரண்டெழுத்து மாறி மாறிக் கொடி நஞ்சாகிறது, நஞ்சு வஞ்சமாகிறது. எங்கே அழகு முடிந்து ஆபத்து தொடங்கியது என்று காதால் பிரிக்க முடியவில்லை. இராமன் முன் நிற்கும் ஆபத்தே அதுதான்.

ஒரு சோதனை செய்யலாம். உவமைகளில் கை வைக்காமல் ஓசையை மட்டும் மாற்றுவோம். வஞ்சிக்குக் கொடி, நஞ்சத்துக்கு விடம், வஞ்சமகளுக்குக் கள்ளமகள். “கொடியென விடமெனக் கள்ளமகள் வந்தாள்.” உவமை அப்படியே இருக்கிறது, பாட்டு போய்விட்டது. அவள் வேடம் முதல் சொல்லிலேயே கலைந்துவிடுகிறது.

எதிரணியினர் ஒரு குற்றம் சாட்டினார்கள்: ஓசை மோகத்தால் பொருளைப் பலி கொடுத்த செய்யுள்கள் தமிழில் நிறைய உண்டு என்று. ஒப்புக்கொள்கிறேன். ஒரே எழுத்துத் தொடர் அடிதோறும் வேறு பொருளில் வரும் யமகத்திலும், அதில் முதல் எழுத்து மட்டும் மாறும் திரிபிலும் சொல்லை எங்கே பிரிப்பது என்றே தெரியாமல் உரையைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது. இன்றும் எதுகைக்காக ஒரு சொல்லைக் கொண்டுவந்து திணிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வரியைப் படியுங்கள். பொருளில் ஒன்றும் குறையவில்லை என்றால் அது இடத்தை அடைக்க வந்த சொல். அது எழுதியவரின் பிழை. உவமைக்கு மட்டும் இந்த நோய் இல்லையா? நிலவு முகம், மீன் விழி என்று கேட்கும்போது இன்று யாருக்கும் நிலவும் தெரிவதில்லை, மீனும் தெரிவதில்லை.

அருணகிரிநாதரின் ‘முத்தைத்தரு’ திருப்புகழுக்கு வாருங்கள். ‘தத்தத்தன தத்தத் தனதன’ என்ற சந்தம். அசுரர் வீழ்ந்த போர்க்களத்தில் கிழட்டுக் கூகை, அதாவது பெரிய ஆந்தை, அலறுகிறது:

“குக்குக்குகு குக்குக் குகுகுகு
குத்திப்புதை புக்குப் பிடியென முதுகூகை”

முதல் வரி வெறும் பறவைக் குரல். அகராதியில் பொருள் கிடையாது. அதே சந்தம், அதே குகரம், அடுத்த வரியில் குத்து, புதை, புகு, பிடி என்று ஏவல் சொற்களாகிவிடுகின்றன. ஒலி நம் கண்ணெதிரே பொருளாக மாறுகிறது. இங்கே கூகையை எதற்கும் ஒப்பிடவில்லை. ‘கட்டளையிடுவது போல அலறியது’ என்று பாடியிருந்தால் நாம் அதைத் தகவலாகத் தெரிந்துகொண்டிருப்போம். இப்போது அந்தக் கட்டளையையே கேட்கிறோம்.

தொல்காப்பியர் உவமைக்கென்று தனி இயல் வகுத்தார் என்பது எதிரணியின் பெருமை. வினை, பயன், மெய், உரு என்று அதற்கு அடிப்படை சொன்னார், மறுக்கவில்லை. ஆனால் பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களில் நீளமானது, செய்யுளின் அமைப்பைச் சொல்லும் செய்யுளியல். வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம் உட்பட இருபது வண்ணங்களை, அதாவது ஓசை வகைகளை, அங்கே வகுத்திருக்கிறார்.

நிறைவாக, பாரதியின் அக்கினிக் குஞ்சு. முழுப் பாட்டும் உருவகம் என்று எதிரணியில் அடுத்துப் பேசப்போகிறவர் நிச்சயம் சொல்வார். காட்டுப் பொந்தில் வைத்த சிறு நெருப்பு, வெந்து தணிந்த காடு, எல்லாம் உருவகம்தான். நான்காவது வரியில் பாரதி கேட்கிறான்: “தழல் வீரத்தில் குஞ்சென்றும் மூப்பென்றும் உண்டோ?” கேள்வி கேட்டாகிவிட்டது. விடை எங்கே? உருவகம் அத்தோடு முடிந்துபோனது. ஐந்தாவது வரி:

“தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்.”

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும் முன் அந்த ஐந்தாவது வரியை விட்டுவிட்டு ஒருமுறையும், சேர்த்து ஒருமுறையும் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.