பூனைக்கு விளையாட்டு

(வியாசர்பாடியில் ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, தலைமை ஆசிரியை அவர்களே, காவல் உதவி ஆய்வாளர் அவர்களே, போன வருஷம் பாதியில் கரகரத்த இதே மைக்கை நம்பி மறுபடியும் வந்திருக்கும் தாய்மார்களே, படிப்பகத்துத் தம்பிகளே, வணக்கம். உறுப்பினர் அம்மாவுக்குத் தனியாக இன்னொரு வணக்கம். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

சின்னவர்களும் பெரியவர்களும் இளைத்தவர்களைச் சீண்டி வதைப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காரணம், விளைவு, தீர்வு என்று மூன்றாகப் பிரித்துக் குறிப்பெடுத்து வந்திருக்கிறேன்.

‘பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது’ என்பார் என் ஆயா. ‘சும்மா தமாஷுக்குப்பா’ என்று சொல்வது எப்போதும் பூனைதான். நார்வேயில் பணியாற்றிய டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர் 1970களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளிடையே இதை ஆராய்ந்தார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, திருப்பிக் கொடுக்க முடியாதவனிடம் செய்வது என மூன்று அடையாளம் சொன்னார். பள்ளிக்கூடமே போகாத ஆயா சொன்னதும் அதைத்தான்.

காரணத்துக்கு என் கதையே போதும். பதினேழு வயதில் மிண்ட் பக்கம் ஒரு பட்டறையில் கையாளாகச் சேர்ந்தேன். மூன்றாம் நாள் மேஸ்திரி ஐந்து ரூபாய் கொடுத்து, “ரசமட்டத்துக்குக் குமிழி தீர்ந்துபோச்சு. செம்புதாஸ் தெருவுல அரை டஜன் வாங்கிட்டு வாடா” என்றார். ரசமட்டம் என்பது ஒரு பரப்பு மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி, அதன் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும். போனேன். முதல் கடைக்காரர் சிரிப்பே காட்டாமல், “பெருசா, சின்னதா?” என்றார். கேட்டு வரத் திரும்பி ஓடினேன். பெருசு என்றார்கள். மறுபடி ஓட்டம். “பெருசு ஸ்டாக் இல்லை, எதிர்க்கடையில கேளு.” சித்திரை வெயில், காலில் செருப்பு இல்லை. ஆறாவது கடையில் ஒரு பெரியவர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். “தம்பி, குமிழின்னா காத்து. உன்னை ஓட்டுறாங்க” என்றார்.

திரும்பி வந்தால், மொத்தப் பட்டறையும் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் காத்திருக்கிறது! அன்றிலிருந்து என் பெயர் குமிழி. கல்யாணத்தில் வந்த மொய்க் கவரிலும் அதுதான். மாமனார் வாங்கிப் படித்துவிட்டு, “யாரு மாப்பிள்ளை குமிழி?” என்று கேட்டார். சிரிக்கிறீர்கள், நானும்தான் சிரித்தேன். அந்த ஐந்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும்போது கை நடுங்கியதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

வெட்கக்கேடு அப்புறம்தான். மறு வருஷம் ஒரு புதுப் பையன் வந்தான். அவனைக் குமிழி வாங்க அனுப்பியவன் நான். சாயங்காலம்வரை அலைந்தான். மறுநாள் அவன் வேலைக்கே வரவில்லை. ஒரே வருஷத்தில் எலி பூனையாகிவிட்டது.

சரி, விளைவு. பள்ளிக்கூட நாள் காலையில் மட்டும் வயிறு வலிக்கும் பிள்ளைகளைப் பற்றித் தலைமை ஆசிரியை அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார், அவருக்கே விட்டுவிடுகிறேன். கல்வி நிறுவனங்களில் ராகிங் கூடாது என்று தமிழ்நாட்டில் 1997லேயே சட்டம் வந்துவிட்டது. இரண்டு ஆண்டுவரை சிறை. பிள்ளைகள் உதவி கேட்டு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசலாம், காசில்லை. சட்டம் இருக்கட்டும், நம் திடலுக்கு வருவோம்.

ஆறரைக்கு இருட்டிவிடுகிறது. அதுவரை சின்னப் பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். இருட்டியதும் பெரிய பையன்கள் பந்தைப் பிடுங்கிக்கொண்டு, “அண்ணான்னு மூணு வாட்டி கூப்பிடு, தர்றேன்” என்கிறார்கள். போன மாதம் ஒரு பையன் பந்தை விட்டுவிட்டே வீட்டுக்குப் போனதைப் பார்த்தேன். பூனைக்கு இருட்டில் கண் நன்றாகத் தெரியும், உறுப்பினர் அம்மா. கிழக்கு மூலையில் ஒன்று, தண்ணீர்த் தொட்டி பக்கம் ஒன்று, இரண்டே விளக்குக் கம்பம் கேட்கிறோம். இது நான்காவது மனு.

பின்னால் கேரம் போர்டு மேல் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொள்ளுங்கள். பேனா எழுதாவிட்டால் மைக்செட் தம்பியிடம் இன்னொன்று இருக்கிறது.