கேட்டு வாங்கிய ஒன்றியம்

அவையோருக்கு வணக்கம்.

எகிப்தும் சிரியாவும் ஒரே நாடாக இருந்தது மூன்றரை வருடம். 1958 பிப்ரவரியில் தொடங்கி 1961 செப்டம்பரில் முடிந்துபோனது. ஐக்கிய அரபுக் குடியரசு என்று பெயர். அது ஏன் உடைந்தது என்று கேட்டால், எகிப்தின் தலைவர் நாசர் சிரியாவை விழுங்கப் பார்த்தார், தொண்டையில் சிக்கிக்கொண்டது என்பார்கள். தேதி வாரியாகப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. நாசர் போய்க் கேட்கவில்லை. சிரியாக்காரர்கள்தான் வந்து கேட்டார்கள்.

1958 ஜனவரியில் சிரிய ராணுவத் தலைமைத் தளபதி அபீஃப் அல்-பிஸ்ரி, சக அதிகாரிகளைச் சேர்த்துக்கொண்டு இரவோடு இரவாக விமானம் ஏறிக் கெய்ரோவில் இறங்கினார். குடியரசுத் தலைவர் ஷுக்ரி அல்-குவத்லியிடம் அனுமதி கேட்கவில்லை. அவருக்குத் தகவல் பின்னால்தான் போனது. எங்கள் நாட்டை உங்கள் நாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ராணுவம் போய் நிற்கிறது, அந்த நாட்டின் தலைவருக்கே தெரியாது!

ஏன் இந்த அவசரம்? சிரியாவில் 1949 என்ற ஒரே வருடத்தில் மூன்று ராணுவப் புரட்சிகள் நடந்தன. அதற்கப்புறம் ராணுவத்துக்குள் ஆளுக்கொரு கோஷ்டி. அரபு ஒற்றுமையும் சோசலிசமும் பேசிய பாஅத் கட்சிக்குக் கம்யூனிஸ்டுகளைக் கண்டு பயம். பழைய பணக்காரக் குடும்பங்களுக்கு இந்த இருவரையும் கண்டு பயம். சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கிய 1956 நெருக்கடிக்குப் பிறகு நாசர் பெயருக்கு அரபுத் தெருக்களில் இருந்த மவுசு தெரிந்ததுதான். அவர் வந்தால் அடுத்தவன் கொட்டம் அடங்கும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். ஒற்றுமை வேண்டும் என்று தெருவில் நின்ற ஜனங்களின் ஆசை பொய்யில்லை. ஆனால் கெய்ரோவுக்குப் போனவர்கள் தேடியது அடைக்கலம்.

நாசர் முதலில் தயங்கினார். அப்புறம் நிபந்தனை போட்டார். கூட்டாட்சிப் பேச்சே வேண்டாம், முழு இணைப்புதான். கட்சிகள் எல்லாம் கலைய வேண்டும். ராணுவம் அரசியலைத் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். பாஅத் கட்சி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது, எப்படியும் நம்மை வைத்துத்தான் சிரியாவை ஆள்வார்கள் என்ற நம்பிக்கையில். விமானம் ஏறிய பிஸ்ரிக்குச் சில வாரங்களிலேயே பதவி போயிற்று. பாஅத்துக்கு அந்த அனுபவம் வர இரண்டு வருடம் ஆனது. 1959 டிசம்பரில் துணைத் தலைவர் அக்ரம் ஹவ்ரானியும் மற்ற பாஅத் அமைச்சர்களும் ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார்கள்.

குவத்லி நாசரிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. நான் உங்களிடம் ஒப்படைக்கும் ஜனங்களில் பாதிப் பேர் தங்களைத் தலைவர்களாக நினைப்பவர்கள், கால்வாசிப் பேர் தீர்க்கதரிசிகளாக நினைப்பவர்கள் என்றாராம். சொன்னாரோ இல்லையோ, நன்றாகத்தான் இருக்கிறது.

கெய்ரோ எல்லாவற்றையும் அபகரித்தது என்பதும் முழு உண்மை இல்லை. 1960இல் அமைந்த 600 பேர் சபையில் சிரியாவுக்கு 200 இடம். மக்கள்தொகையைப் பார்த்தால் அது தாராளம். ஆனால் அந்தச் சபைக்கு அதிகாரம் இல்லையே! அதிகாரம் உளவுத்துறைத் தலைவர் அப்துல் ஹமீது சர்ராஜிடம் இருந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஃபரஜல்லா அல்-ஹெலு 1959இல் டமாஸ்கஸில் பிடிபட்டு, சித்திரவதையில் செத்தார். உடலை அமிலத்தில் கரைத்துவிட்டார்கள். சர்ராஜ் எகிப்தியர் இல்லை, சிரியர்தான். இதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

நிலச் சீர்திருத்தம், தொடர்ந்து மழையில்லாத வருடங்கள், இறக்குமதிக் கட்டுப்பாடு என்று வியாபாரிகளின் புகைச்சல் கூடிக்கொண்டே வந்தது. 1961 ஜூலையில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பெரிய ஆலைகளும் அரசுடைமை ஆனபோது டமாஸ்கஸ், அலெப்போ முதலாளிகள் ஒன்றியத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

இனி கடைசி மூன்று நாட்கள். சிரியாவை நாசரின் சார்பில் நிர்வகிக்க வந்திருந்தவர் அவருடைய நெருங்கிய நண்பர் ஃபீல்டு மார்ஷல் அப்துல் ஹகீம் ஆமிர். அவருக்கும் சர்ராஜுக்கும் முட்டிக்கொண்டது. ஆகஸ்டில் சர்ராஜைத் துணைத் தலைவராக்கிக் கெய்ரோவுக்கு நகர்த்தினார்கள். செப்டம்பர் 26இல் அவர் ராஜினாமா செய்தார். ஒன்றியத்தை ஜனங்கள் வெறுக்கக் காரணமாக இருந்தவர், அதற்குக் காவலும் அவரே. அந்தக் காவல் விலகிய இரண்டாம் நாள், 28ஆம் தேதி விடியற்காலை, டாங்கிகள் டமாஸ்கஸுக்குள் வந்தன. நடத்தியவர் லெப்டினன்ட் கர்னல் அப்துல் கரீம் நஹ்லாவி. அவர் யார் தெரியுமா? ஆமிரின் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆள்!

அன்று மதியம் புரட்சி செய்தவர்களின் ஒன்பதாம் அறிக்கையை டமாஸ்கஸ் வானொலி வாசித்தது. ராணுவத்தின் குறைகளை மார்ஷல் புரிந்துகொண்டார், விஷயம் தீர்ந்தது, படைகள் முகாமுக்குத் திரும்புகின்றன என்று. அதாவது அந்த மதியம் வரை பிரிவினை முடிவாகவில்லை. மிரட்டிப் பேரம் பேசலாம் என்றே சிலராவது நினைத்திருக்கிறார்கள். நாசர் பேரத்துக்கு மறுத்தார். சில மணி நேரத்தில் பத்தாம் அறிக்கை வந்தது, ஒன்பதாவது செல்லாது என்று. மாலையில் ஆமிரை விமானத்தில் ஏற்றிக் கெய்ரோவுக்கு அனுப்பிவிட்டார்கள். நாசர் சிரியாவின் துறைமுக நகரமான லத்தாக்கியாவுக்குப் பாராசூட் படையை அனுப்பினார், உடனே மனம் மாறித் திருப்பி அழைத்தார். அரபு ரத்தத்தை அரபுக் கையால் சிந்த அவர் விரும்பவில்லை. அந்த முடிவுக்காக அவரை மதிக்கிறேன்.

அன்றைக்கு டமாஸ்கஸில் ஒன்றியத்துக்காகப் பேச ஒரு கட்சிகூட இல்லை. இருந்தவற்றையெல்லாம் 1958இலேயே கலைத்தாயிற்று. இணைப்பு வேண்டும் என்று முன்னால் நின்ற ஹவ்ரானியும், பாஅத் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான சலாஹ் அல்-பித்தாரும் பிரிவினையை ஆதரித்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். பித்தார் பிற்பாடு கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

1963இல் பாஅத் ஆட்சியைப் பிடித்ததும் அதே பித்தார் கெய்ரோவுக்குப் போனார், மறுபடியும் இணைவோம் என்று. இந்தத் தடவை ஈராக்கும் சேர்ந்துகொண்டது. நாசர் பழைய கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு அவர்களை வறுத்தெடுத்தார். ஏப்ரல் 17இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலையில் அவரே அதைக் கைவிட்டார்.