அத்தை கற்ற நான்கு எழுத்து

நடுவர் அவர்களுக்கும் கோபிச்செட்டிப்பாளையத்துப் பெரியோர்களுக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் தலைப்புக்கு வந்துவிடுகிறேன். பெண்ணுரிமை என்பது மனித உரிமையா, குடும்பம் காட்டும் கருணையா?

எதிரணி நண்பர் கேட்டார்: "அண்ணன் கல்யாணத்தில் தங்கைக்கு இணைச்சீர் செய்கிறோம், நோம்பிக்கு நோம்பி தட்டு நிறையச் சீர் அனுப்புகிறோம், அந்தத் தட்டில் மண்ணையும் அள்ளி வைக்கச் சொல்கிறீர்களா?" நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், வசனம் அப்படி.

ஆமாம் ஐயா, அந்த மண்ணைத்தான் கேட்கிறோம். சீர் என்பது கொடுப்பவர் மனம் வைத்தால் வருவது. பங்கு என்பது அவர் முகம் சுளித்தாலும் வர வேண்டியது. 1948-இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு 'ஆண்கள் அனைவரும்' என்று தொடங்கிவிடாமல் 'மனிதர் அனைவரும்' என்று அமையப் போராடியவர் நம் நாட்டின் ஹன்சா மேத்தா. ஒரு சொல்லுக்கே அவ்வளவு பாடு என்றால், தோட்டத்துக்கு எவ்வளவு பாடு? 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அவர்களை உள்ளே அழைக்க 2005 வரை ஆயிற்று.

வாசலில் நின்றவர்களுள் என் அத்தையும் ஒருவர். சட்டம் திருந்திய பின் தாத்தா காலமானார். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அத்தையின் கையொப்பம் தேவைப்பட்டது. அத்தைக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு போதும் என்றார் பத்திர எழுத்தர். என் அப்பாவுக்குத்தான் மானம் பொறுக்கவில்லை. "அம்மிணி, ரேகை வெச்சா நாலு பேரு நம்மள என்ன நெனப்பாங்க?" என்றார். பள்ளிக்கே அனுப்பாத குடும்பம், ஒரு வாரம் சிலேட்டு வாங்கிக் கொடுத்து, நான்கெழுத்துப் பெயரை எழுதப் பழக்கியது. மறுபடியும் சொல்கிறேன், நடுவர் அவர்களே: நிலத்தை எழுதிக் கொடுப்பதற்காக எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள்! அத்தை சார்பதிவாளர் முன் நாக்கைக் கடித்துக்கொண்டு, கடைசி எழுத்துக்குப் புள்ளியும் வைத்து நிமிர்ந்தார். சார்பதிவாளரோ, "இனிப் பெருவிரல் ரேகையையும் வையுங்கள்" என்றார். ஒரு வாரப் படிப்பு வீணாயிற்று! பிறகு மதியச் சாப்பாடு, ஒரு பட்டுப்புடவை. அதுதான் நண்பர் சொன்ன தட்டு.

சிரித்துவிட்டீர்கள். அந்த நிலத்து மஞ்சளை ஈரோட்டில் விற்ற பணத்தில்தான் நான் கல்லூரிக் கட்டணம் கட்டினேன். ஆகவே இந்தக் கதையில் நானும் குற்றவாளிதான்.

சில மாதம் கழித்து, நிலத்துக்கு உரியவர் பெயரைக் காட்டும் புதிய சிட்டா வந்தது. பொங்கல் சீர் வாங்க வந்திருந்த அத்தை அதைக் கேட்டு வாங்கி, மடியில் விரித்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துத் தேடினார். அவருக்குப் படிக்கத் தெரிந்தது ஒரே ஒரு பெயர்தான். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.