ஏறும்போது புகை, இறங்கும்போது எஞ்சின்: நீலகிரி மலை ரயிலைப் படம் பிடிப்பது எப்படி?

[காட்சி: மேட்டுப்பாளையம் ரயில் நிலையம், காலை. நீலப் பெட்டிகள், நடைமேடையில் கூட்டம்.]

காலை 7.10-க்கு ஊட்டி ரயில் புறப்படும். முதல்முறை வருகிறவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ரயிலின் முன்பக்கம் ஓடுவார்கள். எஞ்சின் அங்கே இருக்காது. வால் பக்கம் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

மலையேறும்போது நீராவி எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. இணைப்பு ஏதாவது அறுந்தால் பெட்டிகள் பள்ளத்தை நோக்கி உருண்டுவிடக் கூடாது என்பதால், எஞ்சின் எப்போதும் இறக்கத்தின் பக்கம்தான் நிற்கும். எந்த வளைவில் காத்திருப்பது, எந்தப் பெட்டியில் உட்காருவது என்பதையெல்லாம் இந்த ஒரே ஏற்பாடு தீர்மானித்துவிடுகிறது.

இந்த வார இறுதியில் நானும் நண்பனும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். சனிக்கிழமை ஏறும் ரயிலில் அவன். சாலையில் பைக்கில் நான். ஞாயிறு இறங்கும்போது இடம் மாற்றிக்கொள்வது. அவனுக்குப் படத்தைவிட ஒலியின் மேல்தான் பித்து. ஒலிப்பதிவுக் கருவியோடு எஞ்சினை ஒட்டிய பெட்டியில் போய் உட்கார்ந்துவிட்டான். காட்சி வேண்டுகிறவர்களுக்கு அது நல்ல இடமில்லை. வளைவுகளில் எஞ்சின் முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் முன்பக்கப் பெட்டிதான். அங்கிருந்து பின்னால் திரும்பிப் பார்த்தால் ரயில் முழுவதும் வளைந்து வருவது தெரியும். இந்தப் பாதையில் 208 வளைவுகள் இருப்பதால் ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்தது உடனே வந்துவிடும்.

[காட்சி: கல்லாறு. தண்டவாளங்களின் நடுவே பல் தண்டவாளம், நெருக்கத்தில்.]

கல்லாறு வரை சமவெளி. அதற்கப்புறம் குன்னூர் வரை ஏறத்தாழ 12 மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டர் உயர வேண்டும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிவிடும் சரிவு இது. அதனால்தான் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பற்கள் வெட்டிய இரட்டைப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த பட்டையில் பள்ளம் இருக்கும். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரத்துக்கு எந்த நொடியிலும் பிடி நழுவாது. சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. இந்தியாவில் பல் தண்டவாளத்தில் ஓடும் ரயில் இது ஒன்றுதான். குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் பாதை திறக்கப்பட்டது.

எஞ்சின் 'எக்ஸ்' வகை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தது. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதியவற்றைக் கட்டினார்கள். இதற்கு நான்கு சிலிண்டர்கள். கொதிகலனின் நீராவி முதலில் இரண்டு உயர் அழுத்த சிலிண்டர்களுக்குள் போய்ச் சாதாரண சக்கரங்களைச் சுழற்றுகிறது. சமவெளியில் வேலை அதோடு முடிந்து, நீராவி புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். சரிவு தொடங்கியதும் அதே நீராவியை வீணாக்காமல் மற்ற இரண்டு சிலிண்டர்களுக்குத் திருப்பிவிடுகிறார்கள். பற்சக்கரத்தைச் சுழற்றுவது அவைதான். நண்பன் பதிவு செய்துவந்ததைக் கேட்டால், கல்லாறு தாண்டியதும் எஞ்சினின் மூச்சுத் தாளமே மாறுவது தெளிவாகக் கேட்கிறது. எனக்கு அவன் மேல் கொஞ்சம் பொறாமைதான்.

தள்ளும் எஞ்சினிலிருந்து ஓட்டுநருக்கு முன்னால் இருப்பது தெரியாதே? அதற்காகத்தான் பெட்டிகளில் பிரேக்ஸ்மேன்கள் நிற்கிறார்கள். முதல் பெட்டியில் நிற்பவர் கொடி காட்டுகிறார். எஞ்சினின் விசிலுக்கு ஏற்ப அவரவர் பிரேக்கைப் பிடிக்கிறார்கள். வண்டியின் முன்னழகு என்றால் எனக்கு இந்தக் கொடிக்காரர்தான். அவரை விட்டுவிட்டு மலையை மட்டும் எடுத்துவருகிறவர்களை என்ன சொல்வது!

[காட்சி: மலைச்சாலை, கொண்டை ஊசி வளைவு. தொலைவில் புகை.]

பல் பாதையில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். பைக்கில் முந்திப்போய்த் தேநீர் குடித்துவிட்டே காத்திருக்கலாம். ஆனால் ஹில்குரோ நிலையத்தை ஒட்டிய காட்டுப் பகுதியைச் சாலையிலிருந்து பிடிக்க முடியாது. அது ரயிலில் இருப்பவனுக்கு மட்டும். எஞ்சின் அங்கே தண்ணீர் பிடிக்க நிற்கும். இறங்கி நின்று எடுக்கலாம். ரன்னிமேடு, காட்டேரி பக்கம் சாலையும் பாதையும் மறுபடி நெருங்குகின்றன. தண்டவாளத்தில் மட்டும் இறங்கி நடக்காதீர்கள். அது ரயில்வே சட்டப்படி குற்றம். கல்லாறு பக்கம் யானைகளின் வழியும் கூட.

இனி புகை. நாம் வெள்ளையாகப் பார்ப்பது உண்மையில் நீராவி அல்ல. நீராவிக்கு நிறமில்லை, குளிர்ந்த காற்றில் பட்டு நுண்துளிகளாக மாறியபின்தான் கண்ணுக்குத் தெரிகிறது. குளிரும் ஈரமும் உள்ள காலையில் அந்த வெண்மை கெட்டியாக எழும். வெயில் ஏறியதும் அதே எஞ்சினின் தலைக்கு மேல் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ஆகவே சரிவு தொடங்கும் இடத்தில், வெயில் ஏறுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். கறுத்த எஞ்சின், வெளுத்த ஆவி இரண்டும் ஒரே படத்தில் வரும்போது வெளிச்ச அளவை வெண்மைக்கு வையுங்கள். கறுப்பைப் பிறகு கொஞ்சம் மீட்டுவிடலாம். வெளுத்துப்போன ஆவியை மீட்க வழியில்லை.

[காட்சி: இறங்கும் ரயில். எஞ்சின் முன்னால்.]

ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு ஊட்டியிலிருந்து ரயில் இறங்கத் தொடங்குகிறது. குன்னூரில் நீராவி எஞ்சினை மாட்டுகிறார்கள். இப்போது எஞ்சின்தான் முன்னால் வருகிறது; எல்லோரும் ஆசைப்படும் கோணம். ஆனால் இறக்கத்தில் அதற்குப் பெரிய உழைப்பு கிடையாது, தடுத்து நிறுத்துவதுதான் வேலை. புகைபோக்கி அடங்கியே இருக்கும். புகை வேண்டுமானால் எஞ்சின் வாலில். எஞ்சின் முன்னால் வேண்டுமானால் புகை இல்லை. இந்தப் பாதையில் இரண்டையும் ஒரே படத்தில் கேட்பது பேராசை. என்னிடம் கேட்டால் ஏற்றத்துக்கே என் ஓட்டு. நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் ரயில் ரத்தாகும். இடம் கிடைக்கவில்லையே என்று குன்னூர்–ஊட்டி ரயிலில் ஏறுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அந்தப் பகுதியில் ஓடுவது டீசல் எஞ்சின். அந்தப் பயணமும் அழகுதான். ஆனால் நீராவிக்காக வருகிறீர்கள் என்றால் மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதிக்கே டிக்கெட் எடுங்கள்.